உதிரிபாகம் கிடைக்காத எஃபெக்ட்ஸ் பெட்டிகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

என்னிடம் பழைய பாஸ் டிஎம்-2 டிலே பெடல் (கிட்டார் ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் பெட்டி) இருக்கிறது. கிட்டார் ஒலி வருகிறது, எதிரொலி மட்டும் வரவில்லை. சிப் போய்விட்டது, இப்போது அது தயாரிப்பிலேயே இல்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். தூக்கிப் போட வேண்டியதுதானா சார்? (கோவை வாசகர்)

போடவே போடாதீர்கள். எதிரொலி நின்றதும் எல்லாரும் சிப் மேல்தான் பழிபோடுகிறார்கள், ஆனால் "சிப் போச்சு" என்று என் மேசைக்கு வந்த பல பெடல்களில் சிப் நன்றாகவே இருந்தது. முதலில் மூடியைக் கழற்றி நம்பரைப் பாருங்கள். இதே மாடல் ஆரம்பத்தில் எம்.என்.3005 சிப்போடும் பிற்பாடு எம்.என்.3205 சிப்போடும் வந்தது. முன்னது மைனஸ் வோல்ட்டில் ஓடுவது, பின்னது ப்ளஸ்ஸில். ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகினால் இருப்பதும் போய்விடும்.

அடுத்து க்ளாக். கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றிக் கொடுப்பார்களே, அதே மாதிரி இந்தச் சிப்புக்குள் ஒலி 4096 கை மாறிப் போகிறது, எவ்வளவு வேகமாக மாற்றுவது என்று தாளம் போடுவதுதான் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சின்ன க்ளாக் சிப். டிலே குமிழை முழுதாகத் திருப்பினால் 300 மில்லிசெகண்ட் தாமதம். ஒரு தாளத்துக்கு இரண்டு கை மாறும், அதனால் 0.3 செகண்டை இரட்டித்து, 4096-ஐ 0.6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6.8 கிலோஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டரில் க்ளாக் காலைத் தொட்டால் அதை ஒட்டி ஏதாவது காட்ட வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் கோளாறு க்ளாக் பக்கம்: ஈயம் விட்டுப்போயிருக்கும், கபாசிட்டர் காய்ந்திருக்கும். க்ளாக் இருந்தும் எதிரொலி இல்லையா? பயாஸ் ட்ரிம்பாட் (சிப்புக்குப் போகும் வோல்ட்டைச் சரிசெய்ய, ஸ்க்ரூ ட்ரைவரால் திருப்பும் குட்டிக் குமிழ்) இப்போது நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இதிலேயே உயிர் வந்த பெடல்கள் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லையென்றால் சிப்தான். 3205-க்கு கூல்ஆடியோ, 3005-க்கு எக்ஸ்வைவ் என்று புதுத் தயாரிப்புகள் வந்திருக்கின்றன. ரொம்ப மலிவாகக் கிடைத்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் மேலே துடைத்துப் பாருங்கள், எழுத்து அழிந்தால் அது வேறு எதையோ தேய்த்து நம்பர் மாற்றியது.

அண்ணா, பழைய ட்ரெமோலோ (ஒலியை அலைபோல் ஏற்றி இறக்கும் பெட்டி) ஒன்றில் கறுப்பு நிற ஆப்டோ பழுதாகிவிட்டது. எங்கு தேடியும் இல்லை. (யாழ்ப்பாணம்)

தம்பி, அதை நீங்களே செய்துவிடலாம். அதற்குள் இருப்பது ஒரு எல்.இ.டி.யும், வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் ஒரு எல்.டி.ஆரும் மட்டுமே. எல்.டி.ஆரில் காட்மியம் இருப்பதால் ஐரோப்பாவில் கட்டுப்பாடு வந்தது, அதோடு தயாரிப்பவர்களும் அருகிவிட்டார்கள். எல்.இ.டி.யின் குவிந்த தலையை அரத்தால் தட்டையாக்கி, எல்.டி.ஆர் முகத்தோடு ஒட்ட வைத்து, கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாயில் நுழைத்துச் சுருக்குங்கள். இரண்டு முனையையும் கறுப்பு டேப்பால் மூடுவதுதான் முக்கியம். எல்.இ.டி. அணைந்திருக்கும்போது மீட்டரில் 1 மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும், மேலே டார்ச் அடித்ததும் அது இறங்கினால் எங்கோ வெளிச்சம் கசிகிறது. சாதாரண எல்.டி.ஆருக்குப் பச்சை வெளிச்சம்தான் அதிகம் பிடிக்கும், ஆனாலும் நான் சிவப்புதான் போடுவேன், ஏனென்றால் இப்போது கிடைக்கும் பளிச்சென்ற பச்சை 3 வோல்ட் வரை கேட்கும், பழைய சர்க்யூட் பலதும் அதைக் கொடுக்காது. இரண்டு மூன்று எல்.டி.ஆர் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொன்றும் இருட்டுக்குத் திரும்பும் வேகம் வேறு, அலையடிக்கும் அந்தச் சுகம் அதில்தான் இருக்கிறது.

யமஹா எஸ்.பி.எக்ஸ்.90 எஃபெக்ட்ஸ் பெட்டியில் நான் சேமித்ததெல்லாம் அழிந்துவிட்டது.

பேட்டரி. போர்டில் பற்றவைத்த 3 வோல்ட் லித்தியம் பேட்டரி அது. புதியதை நேராகப் பற்றவைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். ஹோல்டர் பற்றவைத்து சி.ஆர்.2032 போடுங்கள். நினைவில் 1 முதல் 30 வரையான எஃபெக்ட்ஸ் கம்பெனி வைத்தவை, அவை போகாது. 31 முதல் 90 வரை உங்களுடையவை, திரும்ப வராது. இனி சேமிப்பதை நோட்டில் எழுதி வையுங்கள்.

அலெசிஸ் மிடிவெர்ப் 2 ரிவெர்ப் பெட்டி (ஒலிக்கு அரங்கின் முழக்கம் சேர்ப்பது) வாங்கினேன், அடாப்டர் இல்லை. 9 வோல்ட் அடாப்டர் ஒன்று போட்டேன், விளக்கு எரிகிறது, ஒலி இல்லை.

நீங்கள் போட்டது டி.சி.யாக இருக்கும். அதற்கு 9 வோல்ட் ஏ.சி. வெளியே வரும் அடாப்டர் வேண்டும். இந்த வகைப் பெட்டிகள் பலதும் ஏ.சி.யிலிருந்துதான் ப்ளஸ், மைனஸ் இரண்டையும் உள்ளே உண்டாக்கிக்கொள்ளும். டி.சி. கொடுத்தால் ஒரு பக்கம்தான் கிடைக்கும். உடனே கழற்றிவிடுங்கள்.

மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி, ஆன் செய்தால் டிஸ்ப்ளேயில் கோடுகள் மட்டும். சிப்பில் கம்பெனி பெயர் தவிர ஒன்றும் இல்லை.

கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட சிப் என்றால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, இதே மாடலில் பழுதான இன்னொன்றை வாங்கி அதிலிருந்து எடுப்பதுதான் வழி. அதற்கு முன் சப்ளை வோல்ட்டேஜ் பாருங்கள். பிறகு சாக்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய சிப் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் ப்ரோக்ராம் இருக்கும் இ-ப்ராம். கண்ணாடிச் சன்னலில் வெயில் படாமல் இருக்கத்தான் அந்த ஸ்டிக்கர், உரிக்காதீர்கள். அதைக் கழற்றிக் கால்களைத் துடைத்துத் திரும்பச் செருகினாலே சில சமயம் சரியாகும். இல்லையென்றால் இதே மாடல் நல்ல நிலையில் வைத்திருப்பவரிடம் கேட்டு அவருடைய சிப்பை ப்ரோக்ராமரில் (சிப்பைப் படித்து எழுதும் கருவி) படித்து நகல் எடுங்கள், ஒரு நகலை அவருக்கும் கொடுங்கள். எதுவும் நடக்கவில்லையென்றாலும் காயலான் கடைக்குப் போட வேண்டாம். அதன் குமிழ், ஸ்விட்ச், டிஸ்ப்ளே எல்லாவற்றுக்காகவும் யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருப்பார்.