பெயர் இல்லாத பாட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என்னை வளர்த்த பாட்டி இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் நகரவில்லை. அந்த வரிகளை இணைத்திருக்கிறேன். பாட்டியின் குரல்கூட மெல்ல மறந்துவருகிறது, பயமாக இருக்கிறது. இதைக் கட்டுரையாக எழுதுவதா, கதையாகவா? அவருடைய குறைகளையும் எழுதலாமா?

ம.

அன்புள்ள ம.,

கட்டுரையா கதையா என்பதை எழுதி முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம். குறைகளை எழுதலாமா என்று கேட்பவர் கையில் ஏற்கெனவே பட்டியல் இருக்கும். எழுதுங்கள்.

அந்த நாலு வரியைப் படித்தேன். ‘அன்பின் வடிவம்’, ‘தியாகச் சுடர்’, ‘எங்களுக்காகவே வாழ்ந்தவர்’. கோபம்தான் வந்தது. எந்தப் பாட்டியின் படத்துக்குக் கீழும் ஒட்டலாம் இதை. கடிதத்திலும் சரி, அந்த வரிகளிலும் சரி, அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. உங்களை வளர்த்தவருக்குப் பெயர் கிடையாதா?

நான் மட்டும் யோக்கியன் மாதிரி பேசுகிறேன். என் பாட்டி இறந்த அன்று அவள் வயதொத்த ஓர் அம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாட்டியின் முகத்தருகே குனிந்து, நான் ஒருநாளும் கேட்டிராத செல்லப்பெயரைச் சொல்லி, “அடியே, எங்கிட்டச் சொல்லாமப் போயிட்டியேடி” என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் பொறாமை வந்தது. (அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது அவர்கள் இருவருடையது.) பிறகு அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பாட்டி சுவரேறிக் குதிப்பாளாம். மனக்கணக்கில் புலியாம். தோழிக்காக ஒருமுறை பொய்ச் சத்தியம்கூடச் செய்தாளாம். நான் அவளிடம் ஆயுசுக்கும் கேட்டதெல்லாம் ‘என் சட்டை எங்கே’ வகைக் கேள்விகள்.

வயதானவர்களை வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 வயது முதல் 30 வயது வரையிலான நாட்களே அதிகம் திரும்பி வருகின்றன என்கிறார்கள் நினைவை ஆராயும் உளவியலாளர்கள். நாம் அவர்களைச் சந்திப்பதோ அதெல்லாம் முடிந்து வெகுகாலம் கழித்து. அவருக்குள் அழுத்தமாகப் பதிந்திருந்த அந்த இருபது வருஷத்தில் நீங்கள் இல்லை, உங்கள் அம்மாகூடப் பாதிக்கு மேல் இல்லை. ‘எங்களுக்காகவே வாழ்ந்தவர்’ என்கிறீர்களே, நீங்கள் பிறக்கும் வரை என்ன செய்தார்? வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா?

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட யாராவது மிச்சம் இருக்கிறார்களா? தங்கை, தோழி, யாரானாலும் சரி, நேரில் போங்கள். ‘எப்படிப்பட்டவங்க’ என்று கேட்காதீர்கள், ‘தங்கமான மனுஷி’ என்று முடித்துவிடுவார்கள். பதினெட்டு வயதில் யாரோடு, எதற்குச் சண்டை போட்டாள் என்று கேளுங்கள்.

அப்புறம், குரலைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏதாவது ஒரு வாய்ஸ் மெசேஜ் கிடக்கும். என்னிடம் அதுவும் இல்லை.