அம்மாவின் கூடத்துக்கு அதே காற்று வேண்டும்

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் 1971-ல் அப்பா வாங்கி மாட்டிய சீலிங் ஃபேன் இந்தச் சித்திரையில் நின்றுவிட்டது. கனமான இரும்பு உடம்பு, அகலமான றெக்கை. வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன், "இது தேறாதும்மா, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார். புதிதாக 48 அங்குல ஃபேன் ஒன்று வாங்கி மாட்டினோம். நேர் கீழே உட்கார்ந்தால்தான் காற்று வருகிறது. கூடம் 16-க்கு 14 அடி, உயரம் 13 அடி. அம்மாவுக்கு 82 வயது, பகலெல்லாம் ஊஞ்சலில்தான் படுத்திருப்பார். "காத்தே இல்லடி" என்று தினமும் சொல்கிறார். அந்தப் பழைய காற்றைத் தரும் ஃபேன் இப்போது கிடைக்குமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பழைய ஃபேன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா சகோதரி? இருந்தால் தயவுசெய்து இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். 34 வருடமாகத் திருச்சியில் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருக்கிறேன். தேறாது என்று சொல்லப்பட்டு என்னிடம் வந்த ஃபேன்களில் எத்தனையோ, வெறும் கண்டென்சர், அதாவது மோட்டாரைக் கிளப்பிவிடும் சின்ன டப்பா, போனவை. கண்டென்சர் போனால் சுவிட்சைப் போட்டதும் ஃபேன் முனகும், சுற்றாது. கம்பால் றெக்கையை லேசாகத் தள்ளிவிட்டால் மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். உங்கள் ஃபேன் நின்றபோது அப்படி முனகியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். முனகியது என்றால் பழைய கண்டென்சரில் எழுதியிருக்கும் அதே அளவில், பெரும்பாலும் 2.25 அல்லது 2.5 மைக்ரோஃபாரடாக இருக்கும், புதிது ஒன்று போட்டாலே போதும். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

முனகல் இல்லாமல் தீய்ந்த வாடை அடித்தது என்றால் காயில் எரிந்திருக்கும். அதற்கும் வழி உண்டு. போன மாதம் ஏறக்குறைய இதே வயதுள்ள ஒரு ஃபேன் சாக்கில் கட்டி வந்தது. மூடியைக் கழற்றியதும் குப்பென்று கருகிய வார்னிஷ் வாசனை. உள்ளே நாடாவெல்லாம் தொட்டதும் தூளாக உதிர்ந்தது. ஆனால் காயில் சுற்றியிருக்கும் இரும்புத் தகட்டு அடுக்கில் ஒரு பொட்டுத் துரு இல்லை. எரிந்த கம்பியை வெட்டி எடுத்து, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அதே கேஜ் (தடிமன்) செம்புக் கம்பியில் அதே எண்ணிக்கை சுற்றினேன். சுற்று குறைந்தால் ஃபேன் சூடாகும், கூடினால் வேகம் செத்துவிடும். எண்ணாமல் கண்மதிப்பில் சுற்றும் கடையில் கொடுக்காதீர்கள். அலுமினியக் கம்பி வேண்டாம், செம்புதான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேரிங் இரண்டையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

கடைக்குக் கொண்டுபோக றெக்கைகளைக் கழற்றும்போது ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என்று பென்சிலால் குறித்து, உடம்பில் அது இருந்த இடத்திலும் அதே புள்ளியை வையுங்கள். மூன்றும் எடை பார்த்துச் சேர்த்த ஒரு செட். இடம் மாறினால், இல்லை கொஞ்சம் வளைந்தால், ஃபேன் ஆடும்.

இது எதுவும் ஆகாமல் புதிதுதான் வாங்க வேண்டும் என்றால், இப்போது மாட்டியிருக்கும் ஃபேனைக் குறை சொல்வதற்கு முன் அதன் ராடை, அதாவது கொக்கியிலிருந்து ஃபேனைத் தொங்கவிடும் குழாயைப் பாருங்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். புது ஃபேனுடன் பெட்டியில் ஓரடி ராடுதான் வரும், இப்போதைய 10 அடி அறைகளுக்கு ஏற்றபடி. உங்கள் 13 அடிக் கூடத்தில் அதை மாட்டினால் றெக்கை பதினோரு அடிக்கு மேல் நிற்கும். காற்று கீழே வருவதற்குள் கலைந்துபோகும். தரையிலிருந்து 9 அடியில் றெக்கை நிற்க வேண்டும். 3 அடி ராடு போட்டால் சரியாக வரும். பழைய ஃபேனின் நீள ராடு இருக்கிறதே என்று அதை மாட்டிவிட வேண்டாம். துளையும் மரையும் பெரும்பாலும் சேராது. புது ஃபேனின் கம்பெனி ராடையே நீளமாகக் கேட்டு வாங்குங்கள்.

ராடு மாற்றியும் ஊஞ்சல் வரை காற்று எட்டவில்லை என்றால் அளவுதான் காரணம். உங்கள் அப்பா வாங்கியது 56 அங்குலமாகத்தான் இருக்கும், டேப் வைத்து அளந்து பாருங்கள். 48-க்கும் 56-க்கும் எட்டு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் சுற்றும் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது. 48 அங்குல ஃபேன் நிமிடத்துக்கு 350 முதல் 400 சுற்று சுற்றி ஒரே இடத்தில் குத்துகிற மாதிரி காற்றைத் தள்ளும். 56 அங்குலம் 300-ஐ ஒட்டிச் சுற்றி, பாய் விரித்த மாதிரி பரப்பும். அம்மா கேட்பது அந்தக் காற்றைத்தான். கடையில் கேட்கும்போது 1400 மில்லிமீட்டர் என்று கேளுங்கள். இன்றும் வருகிறது, ஷோரூமில் மாட்டி வைத்திருக்க மாட்டார்கள், சொல்லித்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். பெட்டியில் நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்று போட்டிருக்கும். 250-க்கு மேல் இருந்தால் எடுங்கள். தங்கநிற வளையம், மரநிற றெக்கை இதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். ஒரு வாட் கரண்டுக்கு எவ்வளவு காற்று என்பதைத்தான் அது சொல்லும். காற்று எவ்வளவு தூரம் பரவும் என்று அதில் இருக்காது.

கரண்ட் குறைவாக எடுக்கும் புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் வாங்கலாமா என்றும் யோசிப்பீர்கள். பழைய ஃபேன் 80 வாட் எடுத்திருக்கும், இது 35 வாட்டில் ஓடும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 40 யூனிட் மிச்சம். சத்தமும் இருக்காது. ஆனால் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது, அது போனால் என்னைப் போன்றவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. கும்பகோணத்திலேயே சர்வீஸ் இருக்கும் கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். சுவரில் இருக்கும் ரெகுலேட்டரையும் எடுத்துவிட்டு சுவிட்சிலிருந்து நேரே கொடுக்கச் சொல்லுங்கள், ரெகுலேட்டர் வழியாகப் போனால் போர்டு கெடும். ரிமோட்டை அம்மா கைக்கு எட்டும்படி ஊஞ்சல் சங்கிலி ஓரமாக ஒரு உறை தைத்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய ஃபேனில் பல வருடமாக 'டக், டக்' என்று ஒரு சத்தம். அது இல்லாவிட்டால் அப்பாவுக்குத் தூக்கமே வராது. இப்போது கொஞ்சம் பலமாகக் கேட்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: விடாதீர்கள். மேலே கொக்கியில் ஃபேன் தொங்கும் இடத்தில் ஒரு ரப்பர் உருளையும் அதன் நடுவே ஒரு போல்ட்டும் இருக்கும். ரப்பர் தேய்ந்து போனால் போல்ட் இரும்போடு இரும்பாக உரசும், அந்தச் சத்தம் இப்படித்தான் இருக்கும். உரசி உரசி போல்ட் பாதியாக இளைத்துப் போனதை என் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மெயினை அணைத்துவிட்டு, கொக்கியை மூடியிருக்கும் கப்பைக் கீழே இறக்கி, ரப்பர், போல்ட், அதன் முனையில் இருக்கும் ஸ்பிலிட் பின் மூன்றையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சத்தம் போய்விடும், அப்பாவுக்கு நாலு நாள் தூக்கம் பிடிக்காதுதான். வேலை முடியும் வரை அவர் கட்டிலை அந்த ஃபேனுக்கு அடியிலிருந்து இன்றைக்கே நகர்த்திப் போடுங்கள்.