கோப்பைத் திறந்துவிட்டுக் காத்திருப்பது யார்?

நிரல் மேசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாமே, ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் கோப்பு படிப்பது, எழுதுவது பற்றியவை.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் ஒரே இழையில்தான் (த்ரெட்) ஓடும் என்று படித்தோம். ஆனால் 'அவெயிட் ரீட்ஃபைல்' என்று எழுதினால், கோப்பு படித்து முடியும்வரை சர்வர் நிற்காமல் மற்ற கோரிக்கைகளைக் கவனிக்கிறதே. அந்த நேரத்தில் கோப்பைப் படிப்பது யார்?

பதில்: வேறொரு இழை படிக்கிறது. உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது ஒரே இழையில் என்பது சரிதான். ஆனால் நோட்டுக்கு அடியில் லிப்யுவி என்ற சி மொழி நூலகம் இருக்கிறது. அது தனியாக நான்கு இழைகளை வைத்திருக்கும். ரீட்ஃபைலை அழைத்ததும் 'திற', 'அளவு பார்', 'படி', 'மூடு' என்று வேலை துண்டு துண்டாகப் பிரிந்து அந்த நான்கு இழைகளின் வரிசையில் போய் நிற்கும். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் தகவல் உங்கள் இழைக்குத் திரும்பி வரும்.

நெட்வொர்க்குக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பின் முனை) தரவு வந்துவிட்டதா என்பதை லினக்ஸின் ஈபோல் என்ற வசதி சொல்லிவிடும். அதனால் ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒரே இழை கவனித்துக்கொள்கிறது. வட்டில் இருக்கும் சாதாரணக் கோப்பை ஈபோலிடம் கொடுத்தால் 'ஈபெர்ம்' (அனுமதி இல்லை) என்று பிழை வரும். இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலைப் பொறுத்தவரை கோப்பு எப்போதுமே 'தயார்'. தயார் என்று நம்பிப் படிக்கப் போனால், கோப்பின் அந்தப் பகுதி நினைவகத்தில் இல்லாத பட்சத்தில், வட்டு தரும்வரை அந்த இழை தூங்கிப்போகும். அப்படித் தூங்குவது உங்கள் முதன்மை இழையாக இருக்கக்கூடாது என்பதற்குத்தான் அந்த நான்கு பேர்.

2019இல் லினக்ஸ் 5.1 கெர்னலோடு வந்த 'ஐஓ யூரிங்' கோப்புக்கும் உண்மையான ஏசிங்க் (இழை காத்து நிற்காத) வழியைத் தந்தது. லிப்யுவியும் அதைச் சேர்த்துப் பார்த்தது. பாதுகாப்புச் சிக்கல் எழுந்ததால் இயல்பில் அணைத்துவிட்டார்கள். ஆகவே இன்றும் நான்கு இழைக் கணக்குதான். கீழே உள்ள பல கேள்விகளுக்கு விடை இந்த எண்ணில்தான் தொடங்குகிறது.

கேள்வி: கோப்புப் பட்டியலை ஃபார்ஈச்சில் சுற்றி, உள்ளே அவெயிட் போட்டு ஒவ்வொன்றாக எழுதுகிறேன். சுற்று முடிந்தபின் இருக்கும் 'எல்லாம் முடிந்தது' என்ற வரிதான் முதலில் திரையில் வருகிறது. ஏன்?

பதில்: ஃபார்ஈச் நீங்கள் தரும் ஃபங்ஷனை அழைக்கும், அது திருப்பித் தரும் பிராமிஸை (முடிவு பின்னால் வரும் என்ற வாக்குறுதி) பார்க்காமலே எறிந்துவிடும். உள்ளே இருக்கும் அவெயிட் அந்த ஃபங்ஷனை மட்டும்தான் நிறுத்தி வைக்கிறது, வெளிச் சுற்றை அல்ல. 'ஃபார் ஆஃப்' சுற்றுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும். ஃபார்ஈச்சில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே எழும் பிழையை வெளியே இருக்கும் ட்ரை கேட்ச் பிடிக்காது. நோட் 15 முதல், யாரும் பிடிக்காத பிராமிஸ் பிழை நிரலையே நிறுத்திவிடும்.

கேள்வி: 20,000 சிறு கோப்புகளை ஒரே நேரத்தில் படிக்க 'பிராமிஸ் ஆல்' போட்டேன். 'ஈஎம்ஃபைல்' (திறந்த கோப்புகள் அதிகம்) என்று பிழை வந்து நின்றுவிட்டது. இழைகள் நான்குதானே? ஒரே நேரத்தில் நான்கு கோப்புகளுக்கு மேல் எப்படித் திறந்திருக்கும்?

பதில்: நல்ல கேள்வி. நால்வர் இருந்தால் நான்கு கோப்புதான் திறந்திருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு கோப்பைத் திறப்பதும் படிப்பதும் மூடுவதும் வரிசையில் தனித்தனி வேலைகள். பிராமிஸ் ஆல் போட்ட கணத்தில் 20,000 'திற' வேலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஏறிவிடுகின்றன. முதல் கோப்பு திறந்தபிறகு அதற்கான 'படி' வேலை எங்கே போய் நிற்கும்? வரிசையின் கடைசியில், 20,000ஆவது 'திற'வுக்கும் பின்னால். நால்வரும் வாங்குகிற வேலையெல்லாம் 'திற', 'திற' என்றே இருக்கும். மூடும் முறை யாருக்கும் வருவதில்லை. திறந்த கோப்புகள் குவிந்து, இயங்குதள வரம்பைத் தொட்டதும் பிழை.

அந்த வரம்பு எவ்வளவு என்று பார்க்க டெர்மினலில் 'யுலிமிட்' கட்டளைக்குச் சிறிய 'என்' கொடுத்தால் பல லினக்ஸ் கணினிகளில் 1024 என்று காட்டும். அது மென் வரம்பு. நோட் தொடங்கும்போதே தன் மென் வரம்பைக் கடின வரம்பு வரை உயர்த்திக்கொள்ளும். அதனால் 'எச்' சேர்த்துக் கடின வரம்பைப் பாருங்கள். கெர்னலின் இயல்பு 4096. லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 240ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ உள்ள கணினிகளில் 5,24,288. உங்கள் மடிக்கணினியில் ஓடுவது சர்வரில் விழுவதற்கு இந்த வித்தியாசமே பல நேரம் காரணம்.

வரம்பைக் கூட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒரே நேரத்தில் நடக்கும் வேலையைக் குறையுங்கள். அதற்குத் தனிப் பொட்டலம் எதுவும் நிறுவ வேண்டாம். கோப்புப் பட்டியலின் 'வேல்யூஸ்' அழைத்து ஓர் இடரேட்டரை (உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது) எடுங்கள். எட்டு ஏசிங்க் ஃபங்ஷன்களைத் தொடங்குங்கள். எட்டும் அதே இடரேட்டரை 'ஃபார் ஆஃப்' கொண்டு சுற்றட்டும், உள்ளே ஒரு கோப்புக்கு அவெயிட். இடரேட்டர் ஒன்றுதான் என்பதால் ஒருவர் எடுத்த கோப்பு இன்னொருவருக்கு வராது. கை ஓய்ந்தவர் அடுத்ததை எடுத்துக்கொள்வார். இந்த எட்டு பிராமிஸ்களுக்கு மட்டும் பிராமிஸ் ஆல் போடுங்கள். எந்த நேரத்திலும் எட்டுக் கோப்புகளுக்கு மேல் திறந்திருக்காது.

ஒரு நுணுக்கம்: எட்டில் ஒன்று பிழையில் விழுந்தால் பிராமிஸ் ஆல் உடனே பிழை சொல்லும், ஆனால் மற்ற ஏழும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அணியின் (அரே) இடரேட்டருக்கு 'ரிடர்ன்' மெத்தட் கிடையாது, யாரும் அதை மூட முடியாது. அதற்குப் பதில் ஜெனரேட்டர் (மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஃபங்ஷன்) வழியாகக் கோப்புப் பெயர்களைத் தந்தால், ஒருவர் விழுந்ததும் ஜெனரேட்டர் மூடிக்கொள்ளும். மற்றவர்கள் கையில் உள்ளதை முடித்துவிட்டு நிற்பார்கள். எது வேண்டும் என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது.

கேள்வி: பெரிய தமிழ் உரைக் கோப்பு ஒன்றை ஸ்ட்ரீமாகப் படித்து, வரும் துண்டுகளை ஒரு ஸ்டிரிங்கோடு கூட்டிக்கொண்டே போகிறேன். அங்கங்கே எழுத்து மறைந்து, கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டங்கள் வருகின்றன. ஆங்கிலக் கோப்பில் வருவதில்லை.

பதில்: யுடிஎஃப் 8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 'த' என்பது 224, 174, 164 என்ற மூன்று எண்கள். 'கி' என்றால் க மூன்று, இகரக் கொக்கி மூன்று, ஆக ஆறு.

கோப்பு ஸ்ட்ரீம் இயல்பில் 65,536 பைட் துண்டுகளாகத் தருகிறது. 65,536ஐ மூன்றால் வகுத்தால் 21,845, மீதி 1. இடைவெளியே இல்லாத தமிழ் உரை என்று வைத்துக்கொண்டால், முதல் துண்டின் கடைசியில் 224 மட்டும் ஒட்டிக்கொண்டு வரும், 174உம் 164உம் அடுத்த துண்டின் தலையில் இருக்கும். இரண்டாம் எல்லையில் இரண்டு பைட் இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். மூன்றாம் எல்லை சுத்தமாக விழும். நிஜக் கோப்பில் ஒரு பைட் இடைவெளிகளும் வரிமுறிவுகளும் கலந்திருப்பதால் எங்கே வெட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பஃபரை (பைட்டுகளாக வந்த துண்டு) ஸ்டிரிங்கோடு கூட்டும்போது ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக மாற்றுகிறது. தனியே நிற்கும் 224க்கு ஒரு கறுப்புக் கட்டம், அடுத்த துண்டின் தலையில் தாய் இல்லாத 174க்கு ஒன்று, 164க்கு ஒன்று. ஒரு 'த' போய் மூன்று கட்டங்கள். மூல பைட் அங்கேயே தொலைந்துவிடுகிறது. பிறகு எதைச் செய்தாலும் மீட்க முடியாது. சோதனைக்கு வைத்த கோப்பு 64 கிலோபைட்டுக்குள் இருந்தால் இந்தப் பிழை தலைகாட்டாது என்பதுதான் கொடுமை.

தீர்வு ஒரே வரி: ஸ்ட்ரீமைத் திறந்ததும் 'செட்என்கோடிங்' அழைத்து யுடிஎஃப் 8 என்று சொல்லுங்கள். உள்ளே ஸ்டிரிங்டிகோடர் உட்கார்ந்துகொண்டு, முழுமையடையாத பைட்டுகளை அடுத்த துண்டு வரும்வரை பிடித்து வைத்திருக்கும்.

தமிழுக்கு இதோடு முடிவதில்லை. க ஒரு துண்டின் கடைசியிலும் கொக்கி அடுத்த துண்டின் தொடக்கத்திலும் வரலாம். சேர்த்துவிட்டால் 'கி' ஆகிவிடும். ஆனால் துண்டு துண்டாகவே எழுத்து எண்ணினாலோ சொல் தேடினாலோ கணக்கு தப்பும். வரிவரியாக வேலை செய்யுங்கள். நோட் 18.11 முதல், திறந்த கோப்பைக் குறிக்கும் ஃபைல்ஹேண்டிலில் 'ரீட்லைன்ஸ்' இருக்கிறது. 'ஃபார் அவெயிட்' போட்டால் ஒவ்வொரு வரியாக வரும். பழைய 'ரீட்லைன்' மாட்யூலைப் பயன்படுத்துவோர், இண்டர்ஃபேஸை உருவாக்கிய வரிக்கும் சுற்றுக்கும் இடையில் வேறு எந்த அவெயிட்டும் வைக்காதீர்கள். அந்த இடைவெளியில் வந்த வரிகள் காணாமல் போகும்.

கேள்வி: ஒரு ஜேசான் கோப்பையே சின்ன டேட்டாபேஸ்போல வைத்திருக்கிறோம். மாதத்துக்கு ஒருமுறையாவது கோப்பு பூஜ்யம் பைட் ஆகிவிடுகிறது. சில நாள் கடைசியாகச் சேர்த்த பதிவு மட்டும் இல்லை.

பதில்: இவை இரண்டு தனித்தனி நோய்கள்.

பூஜ்யம் பைட்டுக்குக் காரணம் ரைட்ஃபைல். அது கோப்பைத் திறக்கும்போதே பழைய உள்ளடக்கத்தை வெட்டி எறிந்துவிடும். புதியதை எழுதுவது அடுத்த வேலை. இரண்டுக்கும் நடுவே நிரல் செத்தாலோ மின்சாரம் போனாலோ கையில் மிஞ்சுவது வெறும் கோப்பு. வட்டு நிரம்பினாலும் இதே கதி. ஆகவே அசல் கோப்பைத் தொடாதீர்கள். அதே அடைவில் வேறு பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து முழுவதையும் எழுதுங்கள். ஃபைல்ஹேண்டிலின் 'சிங்க்' அழைத்து வட்டில் இறங்கும்வரை காத்திருங்கள். மூடுங்கள். பிறகு 'ரீநேம்' மூலம் அசல் பெயரைக் கொடுங்கள். லினக்ஸில் பெயர் மாற்றம் ஒரே மூச்சில் நடக்கும். படிப்பவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும் அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும். சிங்க் இல்லாமல் பெயர் மாற்றினால், மின்தடைக்குப் பின் புதுப் பெயரில் வெற்றுக் கோப்பு இருக்க வாய்ப்புண்டு. தற்காலிகக் கோப்பை 'டெம்ப்' அடைவில் வைத்தால், அது வேறு ஃபைல்சிஸ்டமாக இருக்கும் கணினிகளில் 'எக்ஸ்டெவ்' பிழை வரும். அதே அடைவு என்று சொன்னது அதற்காகத்தான்.

பதிவு காணாமல் போவது வேறு. ஒரு கோரிக்கை கோப்பைப் படிக்கிறது. அவெயிட்டில் நிற்கும்போது இன்னொரு கோரிக்கையும் அதே பழைய கோப்பைப் படிக்கிறது. இருவரும் தத்தம் பதிவைச் சேர்த்து எழுதுகிறார்கள். பிந்தியவர் எழுதியதில் முந்தியவர் பதிவு இல்லை. 'ஜாவாஸ்கிரிப்ட் ஒரே இழை, பூட்டு தேவையில்லை' என்ற நம்பிக்கை உடைவது இங்கேதான். ஒவ்வொரு அவெயிட்டும் ஒரு திறந்த கதவு, அதன் வழியாக யாரும் நுழையலாம்.

வேலைகளை வரிசைப்படுத்துங்கள். 'வால்' என்று ஒரு மாறி, தொடக்கத்தில் அதில் நிறைவேறிய பிராமிஸ். புதிய வேலை வந்தால் வாலின் 'தென்'னில் அதைக் கட்டி, கிடைக்கும் பிராமிஸை அழைத்தவரிடம் கொடுங்கள். அதே பிராமிஸுக்கு வெற்று 'கேட்ச்' போட்டு வாலில் வையுங்கள். அந்தக் கேட்சை விட்டுவிட்டால் ஒரு வேலை தோற்றதும் பின்னால் வரும் அத்தனையும் ஓடாமலே தோற்கும். படிப்பது, திருத்துவது, எழுதுவது மூன்றும் சேர்ந்து ஒரே வேலையாக வரிசைக்குள் போக வேண்டும். எழுதுவதை மட்டும் வரிசைப்படுத்திப் பயனில்லை.

நிரலை இரண்டு பிராசஸாக ஓட்டினால் இந்த வரிசை காக்காது, ஒவ்வொன்றுக்கும் தனி வால் இருக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் எஸ்க்யூலைட் என்ற சிறு டேட்டாபேஸுக்கு மாறுங்கள்.

கேள்வி: பின்னணியில் கோப்புகளைச் சுருக்கும் வேலை ஓடும்போது பயனர் லாகின் ஆகவே நேரம் பிடிக்கிறது. சிபியு கோர்கள் சும்மாதான் இருக்கின்றன.

பதில்: அந்த நான்கு இழைகளும் கோப்புக்கு மட்டும் சொந்தமில்லை. ஸெட்லிப் என்ற நூலகத்தின் ஏசிங்க் சுருக்கம், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பிபிகேடிஎஃப்2, எஸ்கிரிப்ட், பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் 'லுக்அப்' எல்லாம் அதே வரிசையில்தான் நிற்கின்றன. நான்கு சுருக்க வேலைகள் ஓடினால் லாகின் ஐந்தாவதாகக் காத்திருக்கும். 'யுவி த்ரெட்பூல் சைஸ்' என்ற சூழல் மாறியை 8 அல்லது 16 என்று வைத்துப் பாருங்கள். உச்ச வரம்பு 1024. நிரலுக்குள் வைக்காமல், நோட்டைத் தொடங்கும் கட்டளைக்கு முன்பே வையுங்கள். இந்த இழைகளின் கூட்டமான பூல் ஒருமுறை உருவாகிவிட்டால் பிறகு மாற்றியும் பலனில்லை. சுருக்கும் வேலையை வேறு பிராசஸுக்குக் கொண்டுபோக முடிந்தால் அதுவே மேல்.

கேள்வி: 'ரீட்ஃபைல்சிங்க்'கை எங்குமே பயன்படுத்தக்கூடாது என்கிறார்களே?

பதில்: அப்படி இல்லை. சர்வர் கோரிக்கை வாங்கத் தொடங்குமுன் அமைப்புக் கோப்பைப் படிக்க அதுவே எளிது, பிழை வந்தாலும் அந்த வரியிலேயே தெரியும். ஒருமுறை ஓடி முடியும் கட்டளை வரி நிரல்களுக்கும் பொருந்தும். சிறு கோப்பு ஒன்றைப் படிக்க, இழைக்கு வேலை போய்த் திரும்பும் செலவு இல்லாததால் வேகமாகவும் இருக்கும். கோரிக்கையைக் கையாளும் ஃபங்ஷனுக்குள் மட்டும் வைக்காதீர்கள்: ஒருவருடைய கோப்பு 200 மில்லிசெகண்ட் எடுத்தால், அந்த நேரம் முழுவதும் மற்ற எல்லோரும் நிற்பார்கள்.