வானம் பார்த்த பதில்கள்: வெயிலும் வரவில்லை, மழையும் வரவில்லை

(டெல்டாவில் ஒரு பண்ணையின் வானிலைக் கூண்டை 27 வருஷம் பார்த்துக்கொண்டு ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

முப்பது வருஷமாக வீட்டில் தெர்மாமீட்டரும் மழைமானியும் வைத்துத் தினமும் நோட்டில் எழுதி வருகிறேன். இந்த மே மாதம் பகல் வெப்பம் சராசரியாக 34.9 டிகிரிதான். என் முப்பது வருஷச் சராசரி 36.8. மழையும் 6 மி.மீ.க்கு மேல் இல்லை. குளிர்ச்சியும் வறட்சியும் சேர்ந்து வருமா? இதை ஒரு சாதனை மாதம் என்று சொல்லலாமா?
வாசகர், திருத்துறைப்பூண்டி

ஐயா, உங்கள் கடிதம் நாலு பக்கம். நாலாவது பக்கத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு: "கஜா புயலில் திண்ணை ஓரத்து மாமரம் விழுந்துவிட்டது. திண்ணைச் சுவரில் வெயில் அடிக்க ஆரம்பித்ததால் போன வருஷம் தெர்மாமீட்டரைக் கொல்லைப்புறத்து மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினேன்." இதை முதல் வரியில் எழுதியிருந்தால் எனக்கு ஒரு சாயங்காலம் மிச்சமாகியிருக்கும். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

உங்களிடம் இருப்பது ஒரு பதிவேடு அல்ல, மூன்று. 2018 நவம்பர் வரை மாமர நிழலில் ஒன்று. அதற்குப் பிறகு மொட்டை வெயில் பட்ட திண்ணையில் ஒன்று. இப்போது கூரை வேய்ந்த கொட்டகையில், சாணி மெழுகிய ஈரத்தரைக்கு மேலே ஒன்று. ஒரே நோட்டு, ஒரே கையெழுத்து, ஆனால் மூன்று ஊர்க் காற்று. அதனால்தான் வானிலை ஆய்வகங்களில் வெப்பமானியை ஸ்டீவன்சன் பெட்டி என்ற வெள்ளை மரக்கூண்டில் வைக்கிறார்கள். நாலடி உயரக் கால், நாலு பக்கமும் சாய்வுப் பலகை, கதவு வடக்கே பார்த்து. வெயில் உள்ளே படக்கூடாது, காற்று மட்டும் போய்வர வேண்டும். எங்கள் கூண்டின் மேல் ஒரு ஆந்தை இரண்டு வருஷம் குடியிருந்தது, அது வேறு கதை.

சரி, முப்பது வருஷ உழைப்பைத் தூக்கி எறியவா முடியும்? ஒரு வழி இருக்கிறது. நாகப்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் வானிலைத் துறையின் ஆய்வகங்கள் உண்டு. உங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவே. மாமரம் இருந்த காலத்து ஒரு மே மாதத்தை எடுத்து, ஒவ்வொரு நாளும் உங்கள் அளவு நாகையைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று எழுதுங்கள். இந்த மே மாதத்துக்கும் அதையே செய்யுங்கள். ஒரு பேச்சுக்கு, அப்போது நாகையைவிட அரை டிகிரி கூடக் காட்டிய தெர்மாமீட்டர் இப்போது 0.9 குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1.4. அது வானம் செய்ததல்ல, மாட்டுக்கொட்டகை செய்தது. உங்கள் 1.9 டிகிரிக் குளிர்ச்சியில் அதைக் கழித்தால் மிஞ்சுவது அரை டிகிரி. அப்போதும் குளிர்ந்த மாதம்தான். சாதனை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதிராம்பட்டினத்தோடும் இதேபோல் பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம்.

அடுத்து ராத்திரி. பகல் அளவை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, குறைந்தபட்ச வெப்பத்தை மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். இந்த மே 27.1, உங்கள் பழைய சராசரி 26.5. அதாவது ராத்திரி கொஞ்சம் கூடுதல் சூடு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இந்த மாதம் 31.0, பழையது 31.65. பகலில் கிட்டத்தட்ட இரண்டு டிகிரி என்று தெரிந்த குளிர்ச்சி, முழு நாளுக்கு முக்கால் டிகிரிகூட வரவில்லை. உங்கள் வீட்டில் இந்த மே மாதம் ராத்திரி ஃபேனை நிறுத்தினீர்களா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பகல் குறைந்து ராத்திரி ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேகத்தை. மப்பு போட்டிருந்தால் பகலில் வெயிலைத் தடுக்கும், ராத்திரி தரைச்சூட்டை வெளியே விடாமல் போர்வை மாதிரி மூடும். ஆனால் கொட்டகைக் கூரையும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்யும். அதனால்தான் நாகைக் கணக்கோடு ஒத்துப்பாருங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம்: மழையில்லாமல் குளிருமா? நம் ஊரில் குளிரும். காற்றின் பேரிலேயே பதில் இருக்கிறது. தெற்கே இருந்து வந்தால் தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே இருந்து வருவதற்குப் பேர் கோடை. பருவத்துக்கும் காற்றுக்கும் ஒரே பேர். மலையைத் தாண்டி, கரூர், திருச்சிப் பொட்டலைக் கடந்து வரும் அந்த மேல்காற்று மதியம் இரண்டு மணிவரை பிடிவாதமாக அடித்தால், திருத்துறைப்பூண்டியிலும் 39, 40 பார்க்கலாம். பத்து, பதினொரு மணிக்கே கொண்டல் திரும்பிவிட்டால் ஏறிக்கொண்டிருக்கும் பாதரசம் 34, 35இல் நின்றுவிடும். உங்களுக்குக் கிழக்கிலும் கடல், தெற்கிலும் கடல், எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புக் காற்று. இந்த மாதம் உங்கள் நோட்டின் ஓரத்தில் 19 நாள் "மு.ப. கொண்டல்" (முற்பகலிலேயே கொண்டல்) என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு வார்த்தைக்காக உங்களைப் பாராட்டுகிறேன். பெரும்பாலானவர்கள் எண்ணை எழுதுவார்கள், காற்றை எழுத மாட்டார்கள்.

அந்தக் கொண்டலே மழையையும் தள்ளிப்போட்டிருக்கும். மே மாத இடி மழை, சுட்ட தரைக்கு மேலே ஈரக் கடற்காற்றும் மேல்காற்றும் முட்டுகிற இடத்தில் கிளம்புவது. கடற்காற்று சீக்கிரமே உள்ளே புகுந்தால் உங்கள் தரை சுடவே சுடாது. முட்டுகிற இடமும் மேற்கே நகர்ந்துவிடும். சாயங்காலம் மன்னார்குடிப் பக்கம் மின்னும், உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்.

வறட்சிக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. முப்பது மே மாதங்களுக்கும் சேர்த்து 1,350 மி.மீ., சராசரி 45 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் இந்த 6 மி.மீ. 87 சதவீதக் குறைவு. கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் உங்கள் பட்டியலில் மூன்றே மூன்று வருஷம் சேர்ந்து 515 மி.மீ. கொட்டியிருக்கிறது. அந்த மூன்றை எடுத்துவிட்டால் மற்ற 27 வருஷத்துச் சராசரி 31 தான். மே மழை அப்படித்தான்: ஒரு புயல் சின்னம் பக்கத்தில் வந்தால் ஒரே நாளில் மாதக் கணக்கு மாறிவிடும். ஆகவே சராசரியை விடுங்கள், வரிசைப்படுத்துங்கள். 6 மி.மீ.க்கும் கீழே ஐந்து வருஷம் இருக்கிறது. உங்கள் மே, குறைந்த மழையில் ஆறாவது. வறண்ட மாதம், ஆனால் அதிசயம் இல்லை.

இன்னொன்று. "ஜூன் 1: 22 மி.மீ." என்று எழுதியிருக்கிறீர்கள். மே 31 சாயங்காலம் பெய்ததுதானே? மழையைக் காலை 8.30க்கு அளந்து, அளந்த தேதியில் எழுதுவது முறை. நீங்கள் வாசலில் நனைந்தது மே மாதம், கணக்கில் ஏறியது ஜூன். சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள், மாற்றிவிடாதீர்கள். ஆனால் "சொட்டு மழை இல்லாத மே" என்று டீக்கடையில் பேசும்போது அந்த 22 மி.மீ.யையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நானும் இந்தத் தொழிலில் பிழை செய்தவன்தான். அதிகபட்ச வெப்பமானியில் ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு குறுகல் இருக்கும். ஏறிய பாதரசம் தானாக இறங்காது, படித்த பிறகு உதறி இறக்க வேண்டும். சேர்ந்த முதல் கோடையில் நான் உதற மறந்தேன். நாலு நாள் தொடர்ந்து 38.4 என்று எழுதினேன், மூன்றாம் நாள் மப்பும் தூறலும் இருந்தும்கூட. மேலதிகாரி நாலையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

மழையே இல்லை, ஆனாலும் இந்த மே மாதம் பாத்தியில் உப்பு சரியாக இறங்கவில்லை. வறண்ட மாதம் என்கிறார்களே, அது உப்புக்கு நல்லதுதானே?
வாசகி, வேதாரண்யம்

மழை வறண்டது, காற்று வறளவில்லை, அம்மா. இரண்டுக்கும் நாம் ஒரே வார்த்தையைப் போடுவதால் வந்த குழப்பம் இது. துணி காயப்போட்டால் தெரியும்: மேல்காற்று அடிக்கும் நாளில் வேட்டி அரை மணியில் மொடமொடவென்று ஆகிவிடும், கொண்டல் நாளில் சாயங்காலம் தொட்டாலும் பிசுபிசுக்கும். பாத்தியில் நிற்கும் தண்ணீருக்கும் அதே கதிதான். வெயில், காற்று வேகம், காற்றின் ஈரம் மூன்றும் சேர்ந்துதான் ஆவியாவதைத் தீர்மானிக்கிறது. எங்கள் பண்ணையில் நாலடி அகலத் தட்டில் தண்ணீர் வைத்து, தினமும் எவ்வளவு குறைந்தது என்று அளப்போம். காக்காய் குடித்துவிடாமல் இருக்க மேலே கம்பிவலை. மழையே இல்லாத, ஆனால் இறுக்கமான நாட்களில் அந்தத் தட்டு மிகவும் சோம்பேறியாக இருக்கும்.

உங்களுக்கு நஷ்டம், திருவாரூர்ப் பக்கம் பருத்திக்காரர்களுக்கு லாபம். வெடித்த காய் நனையாமல் எடுத்துவிட்டார்கள்.

கத்திரி முடிந்த பிறகு வெயில் அதிகமாகிறதே, பஞ்சாங்கம் தப்பா?
வாசகர், கும்பகோணம்

பஞ்சாங்கம் சூரியனைப் பார்க்கிறது, தெர்மாமீட்டர் காற்றைப் பார்க்கிறது. நம் ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், திரும்பவும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில். சூரியன் மட்டும்தான் காரணம் என்றால் சித்திரையிலேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மே கடைசியில் கேரளாவில் தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கும்போது, மழையை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வெறும் காற்று நம் பக்கம் வருகிறது. அதுவும் மேல்காற்றுதான். 2003இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது மே 31 அன்று. கத்திரி போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

பழைய புள்ளிவிவரப் புத்தகத்தில் 'தஞ்சாவூர் மாவட்டம்' மழை இப்போதைவிட அதிகமாக இருக்கிறது. மழை குறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?
கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

அவசரப்படாதீர்கள், தம்பி. அந்தப் புத்தகத்துத் தஞ்சாவூருக்குள் நாகையும் வேதாரண்யமும் திருவாரூரும் உங்கள் ஊரும் இருந்தன. 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் அதிலிருந்து திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. ஐப்பசி, கார்த்திகையில் அதிகமாக நனைகிற கடற்கரை எல்லாம் கழன்று போன பிறகு மிச்சமிருக்கும் தஞ்சாவூரின் சராசரி குறையத்தானே செய்யும்? மாவட்டச் சராசரி என்பது அங்கங்கே தாலுகா அலுவலகங்களிலும் மற்ற இடங்களிலும் இருக்கும் மழைமானிகளைக் கூட்டி வகுப்பது. மாவட்டத்தை ஒப்பிடாதீர்கள். ஒரு மழைமானியை எடுத்து அதே மழைமானியோடு ஒப்பிடுங்கள். வானிலைத் துறையின் பழைய பதிவுகள் புனேயில் உள்ள தேசியத் தரவு மையத்தில் இருக்கின்றன, ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்துக் கேட்கலாம். இப்போது மழைக்கு 'இயல்பு' என்று வானிலைத் துறை சொல்வது 1971 முதல் 2020 வரையிலான ஐம்பது வருஷச் சராசரியை. பழைய புத்தகத்தில் வேறு வருஷங்கள் இருக்கும். எந்த வருஷங்கள் என்று முன்னுரையில் பாருங்கள்.

தாத்தாவின் மழை நோட்டு கிடைத்தது. '2-40' என்று எழுதியிருக்கிறார். '98' என்றும் இருக்கிறது. என்ன அர்த்தம்?
வாசகர், திருக்காட்டுப்பள்ளி

2 அங்குலம் 40 சென்ட். நிலத்துச் சென்ட் அல்ல, அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு. 25.4ஆல் பெருக்குங்கள், 61 மி.மீ. வரும். 98 என்பது பாரன்ஹீட், கிட்டத்தட்ட 36.7 டிகிரி. மாற்றும்போது தாத்தா எழுதியதை அழிக்காமல் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். நோட்டை வெயிலில் காயவைக்க வேண்டாம், மை வெளுத்துவிடும். நிழலில் விரித்து, ஒரு ஜெராக்ஸ் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தபால் செலவை நான் தந்துவிடுகிறேன்.