பழைய பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரில் நேரம் மறக்காமல் இருக்க ஒரு கடிகார போர்டு சேர்க்க முடியுமா?

காட்பாடிப் பள்ளி ஒன்று கழித்துப்போட்ட பிபிசி மைக்ரோ கிடைத்திருக்கிறது, கரண்ட் போனால் மணியை மறந்துவிடுகிறது, கடிகார போர்டு போடலாமா என்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த இந்த மெஷினில் பேட்டரி கடிகாரமே கிடையாது. அதன் பேசிக் புரோகிராம் மொழியில் உள்ள டைம், நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் உள்ள மாட்யூல் (சின்ன போர்டு) வாங்குங்கள். டிஎஸ்1307 என்ற பழைய சிப்பும் ஓடும், ஆனால் அதனுடன் வரும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரியை ஒட்டித்தான் ஒழுங்காக இருக்கும். வேலூர் கத்திரி வெயிலில் பெட்டிக்குள் 45 டிகிரி ஆனால் ஒரு நாளைக்கு ஒரு நொடிக்கு மேல் பின்தங்கும். 3231 வெப்பத்தை அளந்து தானே திருத்திக்கொள்ளும்.

மெஷினின் யூசர் போர்ட்டில் (வெளிக்கருவிகளை இணைக்கும் இடம்) 5 வோல்ட், கிரவுண்ட், பிபி0, பிபி1 என்ற இரண்டு சிக்னல் பின்கள், நாலே வயர். புரோகிராமில் சிக்னல் லைனை உயர்த்த 1 எழுதாதீர்கள். போர்ட்டின் டேட்டா ரெஜிஸ்டரில் (அனுப்பும் மதிப்பு இருக்கும் இடம்) 0 வைத்துவிட்டு, டைரக்‌ஷன் பிட்டை இன்புட்டாக மாற்றுங்கள். மாட்யூலில் உள்ள ரெசிஸ்டரே லைனை மேலே இழுத்துவிடும். கடிகாரத்திலிருந்து வருகிற எண் பிசிடி வடிவம், அதாவது ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாக நாலு பிட்டில் இருக்கும். 59 நிமிடம் 89 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், 16-ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 9, இரண்டையும் சேர்த்துப் படித்தால் சரி.

அப்புறம் பேட்டரி. மலிவு மாட்யூல்கள் பலவற்றில் சார்ஜ் சர்க்யூட் இருக்கும். சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி சார்ஜ் ஏற்றக்கூடாத பேட்டரி, ஏற்றினால் உப்பிவிடும். கண்ணாடி டையோடுக்குப் பக்கத்தில் 201 என்று அச்சிட்ட ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியை மாட்டுங்கள்.