எடை ஏறாத குழந்தை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு பெண் குழந்தை, நான்கு வயது. எச்.ஐ.வி.யால் அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். பாட்டி வளர்க்கிறார். குழந்தைக்கும் தொற்று உண்டு, அதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை தவறுவதில்லை. காலையும் இரவும் கஞ்சிதான். உயரம் 91 செ.மீ. ஜனவரியில் 11.8 கிலோ இருந்தாள், ஏப்ரலிலும் அதேதான். டப்பா சத்துப் பவுடர் வாங்கித் தரலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

இந்த வயதுப் பெண் குழந்தையின் உயரம் 94 செ.மீ.க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியது என்று கணக்கு. ஆனால் 91 செ.மீ. உயரத்துக்கு 11.8 கிலோ பெரிய மெலிவு இல்லை. ஆக, இது போன மாதத்துப் பட்டினி அல்ல, கைக்குழந்தைப் பருவத்திலிருந்து சேர்ந்த குறை. ஒரேயடியாகத் திணித்து ஈடுகட்ட முடியாது.

எடை எப்படிப் போட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். மலையில் ஸ்வெட்டர், குல்லாவோடு தராசில் ஏற்றிவிடுவார்கள். இந்த வயதில் மாதத்துக்கு ஏறுவதே 150–200 கிராம். ஜனவரியில் ஸ்வெட்டரோடும் ஏப்ரலில் இல்லாமலும் எடை பார்த்திருந்தால், ஏறிய எடையும் ஏறாததாகத்தான் தெரியும். மெல்லிய உள்சட்டையோடு, எப்போதும் ஒரே தராசில் பாருங்கள். மாத்திரையின் அளவும் இந்த எடையை வைத்துத்தான். 14 கிலோவைத் தொட்டால் அளவு மாறும்.

அடுத்தது கஞ்சி. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பை நிரப்பாது. வேறு நோய் இல்லாதபோதும் தொற்றுள்ள குழந்தைக்குக் கலோரி 10 சதவீதம் கூடுதலாக வேண்டும். இவளுக்குச் சுமார் 120 கலோரி. ஒரு முட்டையில் 70, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 45 கிடைக்கும். கணக்கு முடிந்தது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் மெல்ல விழும் பதத்தில் கேழ்வரகுக் கூழோ அங்கன்வாடிச் சத்துமாவோ கிண்டி, இறக்கியபின் எண்ணெயை ஊற்றச் சொல்லுங்கள். ரேஷன் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்துச் சோற்றில் பிசையலாம். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஐந்து வேளை. குளிருக்கு டீயும் வர்க்கியும் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். பசியும் போகும், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தையும் டீ சேரவிடாது.

அவள் சாப்பிடுவது டோலுடெக்ராவிர் என்ற மருந்து கலந்த ஏ.ஆர்.டி. மாத்திரையா என்று பாருங்கள். அப்படியானால் இரும்பு, கால்சியம் டானிக்கை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மருந்து ரத்தத்தில் சேர்வது குறையும். டானிக்குக்கு 2 மணி நேரம் முன்னோ 6 மணி நேரம் பின்னோ மாத்திரை, இல்லையென்றால் இரண்டும் சாப்பாட்டோடு. டப்பாப் பவுடரிலும் இரும்பும் கால்சியமும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் ஏறவில்லையா? வாயில் வெள்ளைப் படிவம் இருந்தால் விழுங்க வலிக்கும், அதனால்கூடச் சாப்பிடாமல் இருக்கலாம். அதைவிட முக்கியம் காசநோய். தொற்றுள்ள குழந்தைக்கு எடை ஏறாததே அதற்கு ஓர் அறிகுறி. இருமலுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பாட்டி இருமுகிறாரா என்றும் கேளுங்கள். மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கி அழுத்திய இடம் குழிந்து நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அங்கன்வாடியில் எடை போடத் தொற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அதை வெளியிடாமல் காக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. லைன் வீடு என்கிறீர்கள், வரிசையாக ஒட்டிய வீடுகளில் நோட்டு யார் கண்ணிலும் படலாம். எடை எழுதும் நோட்டில் நோயின் பெயரை எழுதாதீர்கள்.