எழுத்தில் மட்டும் ஐந்தரை: சென்னை கோச்சிங் தேவையா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பிறகு பி.எஸ்சி. அக்ரி முடித்தேன். வெளிநாட்டில் முதுநிலை படிப்பதற்காக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வைக் கணினியில் எழுதினேன். கேட்டல் 6.5, வாசிப்பு 7, பேச்சு 6.5, எழுத்து 5.5. மொத்தம் 6.5 வந்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பிரிவிலும் 6 கேட்கிறது. சென்னையில் தங்கி இரண்டு மாதம் கோச்சிங் போகச் சொல்கிறார்கள் வீட்டில். போகட்டுமா சார்?

பதில்: வேண்டாம் அம்மா. உங்களுக்குக் குறைவது ஒரே பிரிவில் அரைப் புள்ளி. அதற்காக ஹாஸ்டல் வாடகையும் கோச்சிங் கட்டணமும் கட்டி, வந்துவிட்ட மூன்று பிரிவுகளையும் மறுபடி முதலிலிருந்து படிப்பது வீண்.

கணினியில் எழுதியவர்களுக்கு 'ஒன் ஸ்கில் ரீடேக்' என்று ஒரு வசதி இருக்கிறது. முதல் தேர்வு நாளிலிருந்து 60 நாட்களுக்குள் ஒரே ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதலாம். அதுவும் ஒரு தடவைதான். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதை ஏற்பதில்லை. அதனால் பணம் கட்டும் முன் அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடும் கேட்கலாம், மார்க் ஏறினால் கட்டிய பணம் திரும்பிவிடும். ஆனால் அதை மட்டும் நம்பிப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பெரும்பாலும் 'எனக்கு வொகாபுலரி போதாது' என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். வாசிப்பில் 7 வாங்கிய உங்களுக்குச் சொல் பஞ்சம் இருக்க வாய்ப்பில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வது, கோவையாகச் சொல்வது, சொல்வளம், இலக்கணம் என்ற நான்குக்கும் சம மதிப்பு. கடினமான சொற்களை மனப்பாடம் செய்தால் அதில் ஒன்றைத்தான் தொட முடியும்.

முதல் கேள்வி வரைபடத்தை விவரிப்பது, குறைந்தது 150 சொற்கள். இதற்கு மேட்டூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாளிதழில் தினமும் நீர்மட்டம் வருகிறது. ஒரு மாதத்து எண்களைக் குறித்து, நீங்களே கோடு போட்டு, ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, இந்த மாதம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, மொத்தத்தில் ஏறியதா இறங்கியதா? அந்த 'மொத்தத்தில்' என்ற வாக்கியத்தைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எண்களை வரிசையாக அடுக்கினால் மட்டும் போதாது. அப்புறம், தண்ணீர் ஏன் குறைந்தது என்று எழுதக் கூடாது. மழை இல்லை, கர்நாடகம் திறக்கவில்லை என்று டெல்டாக்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். படத்தில் இல்லாத காரணம் அங்கே வேண்டாம்.

இரண்டாவது கேள்வி கட்டுரை, குறைந்தது 250 சொற்கள். இதற்கு முதல் கேள்வியைப் போல இரண்டு மடங்கு மதிப்பு. மொத்தம் 60 நிமிடத்தில் 40 நிமிடம் இதற்குத்தான். எந்த வரிசையில் எழுதினாலும் சரிதான் என்பதால் இதையே முதலில் எழுதுங்கள் என்பேன். 2020-இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்தார்கள் அல்லவா? 'விளைநிலப் பகுதியில் தொழிற்சாலை வேண்டாம் என்கிறார்கள் சிலர், இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்கிறார்கள் சிலர். இரு தரப்பையும் விவாதித்து உங்கள் கருத்தைச் சொல்க' என்று ஒரு கேள்வி வந்தால், வயல் பக்கமே நின்று உணர்ச்சியோடு எழுதிவிடுவீர்கள். மார்க் அங்கேதான் போகும். வேலை தேடித் திருப்பூருக்குப் போகும் பையனின் நியாயத்துக்கும் ஒரு முழுப் பத்தி வேண்டும். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் மனப்பாட முன்னுரை வேண்டவே வேண்டாம். திருத்துபவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இலக்கணத்தில் நம் தமிழ் எங்கே குறுக்கே வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிழை போய்விடும். 'மழை பெய்து, ஆறு நிரம்பி, வயலில் தண்ணீர் புகுந்து, பயிர் அழுகிவிட்டது' என்று நமக்கு ஒரே வாக்கியம் போதும், கடைசியில் ஒரே வினைமுற்று. இதை அப்படியே கமா போட்டு ஆங்கிலத்தில் இழுத்தால் பிழை. இரண்டு மூன்று வாக்கியமாக உடைத்துவிடுங்கள். அதே மாதிரி, ஆங்கிலத்தின் 'எ' (a), 'தி' (the) இரண்டும் தமிழில் இல்லாததால் 'ஃபார்மர் நீட்ஸ் வாட்டர்' என்று கை தானாக எழுதும். 'எ ஃபார்மர் நீட்ஸ்' அல்லது 'ஃபார்மர்ஸ் நீட்' என்று இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் பெயர்ச்சொற்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு முறை ஓடுங்கள், ஐந்து நிமிடம் இதற்கென்றே ஒதுக்குங்கள்.

தினம் ஒரு புதுக் கட்டுரை எழுதுவதைவிட, ஒரே கட்டுரையை மூன்று முறை திருத்தி எழுதுவதில் எனக்கு நம்பிக்கை அதிகம். திங்களன்று நேரம் வைத்துக் கணினியில் தட்டச்சு செய்யுங்கள். செவ்வாயன்று வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். பிறகு கல்லூரியில் உங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவரிடம் காட்டுங்கள். மார்க் போடச் சொல்ல வேண்டாம். எங்கே புரியவில்லை என்று அடிக்கோடு போட்டால் போதும் என்று கேளுங்கள். அந்த இடங்களைச் சரிசெய்து வெள்ளியன்று மறுபடி முழுசாக எழுதுங்கள். ஆறு வாரத்தில் ஆறு கட்டுரை, ஆறு வரைபடம் கைக்குள் வந்திருக்கும். 60 நாள் கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் அந்த மெயிலை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.